மொரிஷியஸில் குழந்தைக்குப் பெயர் தேட நான்கு வழிகள்: எதை நம்பலாம், எதை விட்டுவிடலாம்

பிறந்த குழந்தையை 45 நாளுக்குள் சிவில் ஸ்டேட்டஸ் அலுவலகத்தில் பதிய வேண்டும். பெரியவர்கள் இன்னும் ‘எத்தா சிவில்’ என்று சொல்லும் அந்த இடத்துக்குப் போகும்போது பெயர் முடிவாகி இருக்க வேண்டும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் பெயர் வந்து சேரும் வழி நான்கு: கோவில் குருக்கள் எழுதித் தரும் நட்சத்திரச் சீட்டு, கைப்பேசிச் செயலி, தமிழ்நாட்டிலிருந்து வரும் பெயர்ப் புத்தகம், சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் நடக்கும் எண் கணிதச் சேவை. நான்குமே முதல் எழுத்தையும் கூட்டுத்தொகையையும் கவனமாகப் பார்க்கின்றன. அந்தப் பெயரைத் தினமும் கூப்பிடப்போகும் வாய்களை ஒன்றுகூடப் பார்ப்பதில்லை. பாட்டி தமிழில் கூப்பிடுவார், பக்கத்து வீட்டுக்காரர் கிரியோலில், ஆசிரியை பிரெஞ்சில், அலுவலகம் ஆங்கிலத்தில். நாலு வாயிலும் பிழைக்கும் பெயர்தான் இந்தத் தீவில் நல்ல பெயர். அந்த அளவுகோலை வைத்தே இந்த மதிப்பீடு.

முதலில் நட்சத்திரச் சீட்டு. நான்கில் நம்பகமானது இதுதான், நேரத்தைச் சரியாகக் கணித்திருந்தால். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் பாதம் எனும் 4 கால்பகுதி, பாதத்துக்குப் பெயர் தொடங்க ஓர் எழுத்து, ஆக 108 எழுத்து. ஒரு நட்சத்திரத்தைச் சந்திரன் கடக்க ஏறக்குறைய 24 மணி நேரம். அப்படியானால் ஒரு பாதத்துக்கு ஆறு மணி நேரம். தவறு நுழைவது இங்கேதான். தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கம் இந்திய நேரத்தைத் தருகிறது. நம் கடிகாரம் அதற்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ரோகிணி காலை 10.42 வரை என்று பஞ்சாங்கத்தில் இருந்தால், மொரிஷியஸில் அது 9.12க்கே முடிந்துவிட்டது. 9.30க்குப் பிறந்த குழந்தைக்கு நேரத்தை மாற்றாமல் பார்த்தவர் ரோகிணி நான்காம் பாதம் என்று ‘வு’ எழுதிக் கொடுப்பார். உண்மையில் அது மிருகசீரிடம் முதல் பாதம், எழுத்து ‘வே’. ஆறு மணி நேரத்தில் ஒன்றரை மணி என்பது நான்கில் ஒரு பங்கு. நேரத்தை மாற்றாமல் கணித்தால் நாலு குழந்தைக்கு ஒரு குழந்தை வேறு பாதத்துக்குப் போய்விடும்.

ஆகவே சீட்டு வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “ஐயா, இது நம்ம நேரத்துக்கு மாற்றிப் பார்த்ததா?” பெரும்பாலான குருக்கள்மார் மாற்றியே பார்க்கிறார்கள். ஆனால் பிறந்த நேரத்தைத் தொலைபேசியில் சொல்லி, இந்தியாவில் உள்ள உறவினர் மூலம் சீட்டு வாங்கும் வீடுகளில் இந்தப் பிசகு அடிக்கடி நடக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் நட்சத்திரம் முடியும் நேரம் ஒன்றாக இராது. பிறந்த நேரம் எல்லைக்கு அருகில் இருந்தால் குடும்பம் வழக்கமாகப் பார்க்கும் பஞ்சாங்கத்தையே கடைசிவரை பிடித்துக்கொள்வது நல்லது. இரண்டையும் கலந்தால் குழப்பம் தீராது.

இன்னொரு சிக்கல், எழுத்துப் பட்டியல் சமஸ்கிருத ஒலிகளுக்காக அமைந்தது. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு ‘ங’, அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு ‘ண’. இந்த இரண்டிலும் தொடங்கும் பெயர் தமிழில் கிடையாது. ஆயில்யத்தின் நாலு பாதமும் டி, டு, டே, டோ. தமிழ்ச் சொல் ‘ட’வில் தொடங்காது. இதற்காக ‘டிவிஷா’ என்று ஒன்றைப் புதிதாகச் செய்வது தேவையே இல்லை. அதே நட்சத்திரத்தின் அடுத்த பாத எழுத்தை எடுப்பது, ‘ட’வுக்குத் ‘த’ வைப்பது, அல்லது அந்த எழுத்துப் பெயரைக் காதில் ஓதுவதோடு நிறுத்திவிட்டுப் பதிவுக்கு வேறு பெயர் வைப்பது என்று மூன்று வழக்கமும் நெடுநாளாகவே இருக்கிறது. மூன்றாவதே சிறந்தது. காதில் மூன்று முறை சொல்லும் பெயருக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அரசாங்கத் தாளில் ஏறும் பெயருக்கு உண்டு.

உத்திரட்டாதி நான்காம் பாதக்காரர்கள் மட்டும் கவலைப்பட வேண்டாம். அவர்களுக்கு ‘ஞ’. ஆங்கிலம் மட்டும் படித்தவர் ஜி-என் என்று தொடங்கும் பெயரைப் பார்த்துத் திணறுவார். பிரெஞ்சு படித்தவருக்கோ ஜி-என் சேர்ந்தால் ‘ஞ’தான். ஞானம், ஞானவேல் எல்லாம் சென்னையில் ‘ஞா’ போய் ‘நா’ ஆகின்றன. இங்கே கத்ர் போர்ன் ஊரில் ஒழுங்காக ஒலிக்க வழி இருக்கிறது.

செயலிகளுக்கு வருவோம். எளிதாகக் கிடைக்கின்றன, பெரும்பாலும் இலவசம், விரல் நுனியில் ஆயிரக்கணக்கான பெயர். நட்சத்திரம் கணிக்கும் வசதி உள்ளவற்றில் பிறந்த ஊரைப் போர்ட் லூயிஸ் என்று கொடுத்துவிட்டு, நேர மண்டலம் +4 என்று காட்டுகிறதா என்று ஒரு முறை பாருங்கள். ஊரைக் கேட்காமலே பலன் சொல்லும் செயலி +5.30இல் கணிக்கிறது என்று வைத்துக்கொண்டு மூடிவிடலாம்.

அதைவிடப் பெரிய குறை, அவை தரும் பொருள். ‘ஆரவ்’ என்றால் அமைதி என்று போட்டிருக்கும். ஆரவம் என்பது ஒலி, இரைச்சல். ஆரவாரம் என்ற சொல் தெரிந்த எவருக்கும் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். ‘அனயா’வுக்கு நிகரில்லாதவள் என்ற வகையில் ஏதாவது இருக்கும். சமஸ்கிருதத்தில் அநய என்பது நெறி தவறிய நடத்தை. ‘கியாரா’ இத்தாலியப் பெயர். ‘ஷனாயா’வுக்குச் சூரியனின் முதல் கதிர் என்று எழுதியிருப்பார்கள், அந்தப் பொருள் வருமாறு பிரிக்கத் தமிழிலோ சமஸ்கிருதத்திலோ வேர் இல்லை. இந்தப் பெயர்களை வைக்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒலி பிடித்திருந்தால் வையுங்கள். ஆனால் பிள்ளை பள்ளியில் ‘என் பெயரின் பொருள்’ எழுதும் நாளில் பொய்யை எழுத வைக்கக் கூடாது. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதுவும் கைக்குக் கிடைக்கும் வசதிக்காக.

பொருள் சரிபார்க்க ஒரே நல்ல வழி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இன்று இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரின் வேர்ச்சொல் அதில் இல்லையென்றால், அது தமிழிலும் தமிழ் ஏற்றுக்கொண்ட வடசொல்லிலும் புழங்காத சொல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப் புத்தகங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல ஒன்றைப் பார்த்து ஒன்று அச்சடித்தவை. ‘தூய தமிழ்ப் பெயர்கள்’ என்ற தலைப்பில் வருபவை மட்டும் வாங்கத் தகுந்தவை. காரணம், ஷ, ஜ, ஹ, க்ஷ இல்லாத பெயராக இருப்பதால் முதல் வகுப்புப் பிள்ளையே தன் பெயரைத் தமிழ் வகுப்பில் எழுதிவிட முடியும். ‘க்ரிஷ்னவ்’ என்ற பெயரைத் தமிழில் எழுதக் கற்கப் பிள்ளை கிரந்த எழுத்து வரும்வரை காத்திருக்க வேண்டும். எழில், கவின், இனியா, நிலா, முகில் என்றால் முதல் பருவத்திலேயே வந்துவிடும்.

இனி எண் கணிதம். கட்டணம் வாங்கும் சேவை இது ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலோர் கையாளும் பட்டியல் கீரோ முறை, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருவது. ஏ, ஐ, ஜே, கியூ, ஒய் ஆகியவற்றுக்கு 1. பி, கே, ஆர் 2. சி, ஜி, எல், எஸ் 3. டி என்ற உச்சரிப்பில் வரும் இரண்டு எழுத்தும் எம்மும் 4. ஈ, எச், என், எக்ஸ் 5. யூ, வி, டபிள்யூ 6. ஓ, இசட் 7. எஃப்பும் ஓவுக்கு அடுத்து வரும் ‘பி’ எழுத்தும் 8. ஒன்பதுக்கு எழுத்தே இல்லை.

குமரன் என்ற பெயரை வைத்துப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு முறையில் கே-யூ-எம்-ஏ-ஆர்-ஏ-என்: 2, 6, 4, 1, 2, 1, 5, கூட்டினால் 21, அதன் இலக்கங்களையும் கூட்டிச் சுருக்கினால் ஒற்றை எண் 3. இங்கே வழக்கமான முறையில் கடைசி ஏவுக்கு ஈ போட்டால் 25, ஒற்றை எண் 7. பிரெஞ்சு முறையில் யூவுக்கு முன்னால் ஓர் ஓவும் சேர்த்தால் 32, ஒற்றை எண் 5. பெயர் ஒன்று, கூப்பிடும் ஒலி ஒன்று, எண் மூன்று. சேவைக்காரர் பார்ப்பது பெயரை அன்று, ஏதோ ஒரு எழுத்துக்கூட்டலை. அந்த எழுத்துக்கூட்டல் சென்னைக்கு உரியதா நமக்கு உரியதா என்பதே பலன் முழுவதையும் மாற்றிவிடுகிறது.

அவர்களின் படிவத்தில் இன்னொன்று கேட்பார்கள்: இனிஷியல். தமிழ்நாட்டில் அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும். நமக்கு அது கிடையாது. நமக்கு நிலையான குடும்பப் பெயர். ஏதோ ஓர் எழுத்தை இனிஷியல் கட்டத்தில் நிரப்பி அனுப்பினால், பிறப்புச் சான்றிதழில் ஒருபோதும் வராத பெயருக்குப் பலன் வாங்கி வருகிறோம். ஆறுமுகம் என்ற குடும்பப் பெயரை நம் எழுத்துக்கூட்டலில், அதாவது நடுவில் இரட்டை ஓவும் கடைசியில் யூ-எம்மும் வைத்துக் கூட்டினால் 34. குமரனின் 25உடன் சேர்ந்து 59, ஒற்றை எண் 5. இனிஷியல் போட்டு வந்த கணக்குக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. நம்பிக்கை உள்ளவர்கள் இந்தச் சேவையைப் பயன்படுத்தலாம், ஆனால் இரண்டு நிபந்தனை: சான்றிதழில் வரப்போகும் முழுப் பெயரையும் அதே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள், எண்ணுக்காக எழுத்தைச் சேர்க்கச் சொன்னால் ஒலியை மாற்றாத எழுத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பெயருக்கு நடுவே இரண்டாவதாக ஓர் எச்சைச் செருகினால், பிள்ளை வாழ்நாள் முழுதும் ஒவ்வொரு கவுன்டரிலும் அந்த எச்சை விளக்கிக்கொண்டு நிற்கும்.

நான்கு சேவையும் தொடாத இடத்துக்கு வருவோம். ரோமன் எழுத்தில் எழுதிய தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சுக் கண் எப்படிப் படிக்கிறது?

ஏ-என் என்று முடியும் பெயரைப் பிரெஞ்சில் படித்தால் ‘ன்’ மூக்குக்குள் போய்விடும், ‘குமராங்’ என்பது போல. நம் தாத்தாக்கள் பெயரெல்லாம் ஈ-என் என்று முடிவதன் பயன் இங்கே புரியும். கல்வி அமைச்சராக இருந்த ஆறுமுகம் பரசுராமன் பெயரை எழுதியிருக்கும் விதம் பாருங்கள்: முன்பெயர் யூ-எம், பின்பெயர் ஈ-என். இந்தத் தீவின் தமிழ் எழுத்துக்கூட்டல் இது. செயலி தரும் ஏ-என்னைவிட இதுவே பிள்ளைக்கு உதவும்.

‘ஹ’ பிரெஞ்சில் ஒலிக்காது. ஹரிணி அரிணி ஆகிவிடுவாள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, தமிழ் மரபும் ஹரியை அரி என்றுதான் எழுதி வந்தது. முதலிலேயே அரிணி என்று பதிந்தால் எழுத்தும் ஒலியும் ஒன்றாகும். கிரியோல் வாயில் ‘ஷ’ எளிதாக ‘ஸ’ ஆகும். ஷாலினி ஸாலினி ஆகும்போது, அழுக்கு என்று பொருள்படும் ‘ஸால்’ முன்னால் வந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் இது பெரிய விஷயம்.

‘ழ’தான் பெற்றோருக்கு மிகப் பெரிய ஆசை, மிகப் பெரிய தொல்லையும் கூட. யாழினி, எழில், மகிழ், கயல்விழி. இசட்-எச் என்று எழுதினால் இங்கே யாரும் ‘ழ’ என்று படிக்க மாட்டார்கள். எஸில், யாஸினி என்று ஆகும். எல் போட்டால் யாலினி, எலில். ‘ழ’ போகும், ஆனால் பெயர் பெயராகவே இருக்கும். தமிழ் என்ற சொல்லையே பிரெஞ்சு ‘தமூல்’ என்று லகரத்தில்தான் வைத்திருக்கிறது. எல்லே போடலாம். வீட்டில் தமிழ் எழுத்தில் சரியாக எழுதிப் பழக்கினால் ‘ழ’ பிள்ளையின் நாக்கில் நிற்கும். சான்றிதழால் அதைக் காப்பாற்ற முடியாது.

பூவில் தொடங்கும் பெயர்கள் எல்லாவற்றையும்விடக் கடினம். பூவிழி, பூங்கொடி, பூரணி என்று எவ்வளவு அழகான பெயர்கள். ஆனால் இரட்டை ஓ போட்டால் ஆங்கிலத்தில் குழந்தையின் மலம். ஓ-யூ போட்டால் பிரெஞ்சில் பேன். யூ மட்டும் போட்டால் பிரெஞ்சுக் காதில் நாற்றம். மூன்று எழுத்துக்கூட்டலுக்கும் வழி அடைபட்டிருக்கிறது. பூ வேண்டும் என்றால் மலர்விழி, முல்லை, அல்லி என்று வேறு பூவைத் தேடுவதே நல்லது.

அரிய பெயர் வேண்டும் என்று சங்க காலத்துக்குப் போகும் பெற்றோர் இப்போது நிறைய. நல்ல திசை அது. புதிதாகக் கோத்த பெயரைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் இங்கே சோதித்துத்தான் எடுக்க வேண்டும். கடையெழு வள்ளல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரி: பிரெஞ்சில் பந்தயம் என்று பொருள், பாரிஸ் நகரத்தையும் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். கேட்க இனிமை, தீங்கில்லை, தாராளமாக வைக்கலாம். காரி: நம் ஊர்க் குழம்புக்கு அதே பெயர், சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை பாடு கஷ்டம். ஆய்: வலி எடுத்தால் பிரெஞ்சுக்காரர் எழுப்பும் சத்தம். பேகன்: ஆங்கிலக் கண்ணுக்குச் சிலைவழிபாட்டுக்காரன் என்று படும். அதியமானை அதியன் என்று சுருக்கினால் நன்றாக ஒலிக்கும், ஈ-என் முடிவோடு எழுதினால். நள்ளிக்குச் சிக்கலே இல்லை. ஓரியும் அப்படியே, ரோமனில் மூன்றே எழுத்து, எந்த மொழியிலும் தவறாகப் படிக்க இடமில்லை. பெண் குழந்தைக்குப் பாரி மகளிர் அங்கவை, சங்கவை இருவரில் அங்கவை இங்கே எளிது.

இரு மொழியிலும் வரவேற்புள்ள பெயர்களும் உண்டு. ரவி என்றால் பிரெஞ்சில் மகிழ்ச்சியடைந்தவன். கவின் தமிழில் அழகு, கேட்பவருக்குக் கெவின் போலப் பழகிய ஒலி. ஆண் பிள்ளைக்கு ‘ஆ’ என்று முடியும் பெயர் வைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சூர்யா, கிருபா என்ற பெயர்களைக் கடிதத்தில் பார்க்கும் பிரெஞ்சுக்காரர் ‘மதாம்’ என்று பதில் எழுதுவார்.

அடுத்து குடும்பப் பெயர். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள், அதற்கும் முன்பே பாண்டிச்சேரிப் பக்கமிருந்து வந்த கைவினைஞர்கள், இவர்களின் சொந்தப் பெயரோ அப்பா பெயரோ எழுத்தர் காதில் விழுந்தபடி பதிவாகிப் பல வீடுகளில் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஆகவே நம் குடும்பப் பெயர் பலவும் தாமே முழுத் தெய்வப் பெயர்கள். ஆறுமுகம் வீட்டுப் பிள்ளைக்குச் சண்முகன் என்று வைத்தால் ஆறு முகம் இரண்டு முறை வருகிறது. சுப்பிரமணியன் வீட்டில் முருகன், வைத்தியலிங்கம் வீட்டில் சிவலிங்கம் இதே கதை. குடும்பப் பெயர் கடவுளைச் சொல்கிறதென்றால் முன்பெயர் இயற்கையையோ குணத்தையோ சொல்லட்டும்: முகில், இனியன், எழில், நிலா.

நீளமும் கணக்குத்தான். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம். சுப்பிரமணியன் நம் எழுத்துக்கூட்டலில் 12 எழுத்து. குடும்பப் பெயரையும் முன்பெயரையும் பிரிக்க இரண்டு குறி. மீதம் 25. முன்பெயர் இரண்டு வைத்தால் நடுவில் இன்னொரு குறி, ஆக எழுத்துக்கு 24தான். கூப்பிடும் பெயர் ஆறெழுத்து, நட்சத்திரப் பெயர் பத்தெழுத்து என்று வைத்தால் தாராளமாக அடங்கும்.

முடிவு செய்யும் முன் செய்ய வேண்டிய சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். பெயரை ரோமன் எழுத்தில் ஒரு தாளில் எழுதி, தமிழ் தெரியாத இரண்டு பேரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், ஒருவர் பிரெஞ்சுப் பத்திரிகை படிப்பவர், ஒருவர் ஆங்கிலம். நீங்கள் முதலில் சொல்லிக் காட்டக் கூடாது. அவர்கள் சொன்னதைப் பாட்டியிடம் சொல்லி, தமிழில் எழுதச் சொல்லுங்கள். திரும்பி வந்த பெயர் நீங்கள் நினைத்த பெயர்தானா? கலை என்று வைக்க நினைத்து களை என்றோ கழை என்றோ திரும்பினால், ரோமன் எழுத்தில் மூன்றும் ஒன்றே என்பது தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பெயருக்குத் தமிழ் வடிவத்தை ஒரு தாளில் எழுதிப் பிறப்புச் சான்றிதழின் நகலோடு சேர்த்து வையுங்கள். பள்ளியில் சேர்க்கும் நாளில் தமிழாசிரியரிடம் அதைக் கொடுத்தால் வருகைப் பதிவேட்டில் களை ஏறாது.

பதிவு நாளில் பெயரை வாயால் சொல்லாதீர்கள். பெரிய எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு எழுதிய தாளை நீட்டுங்கள். தொலைபேசித் திரையைக் காட்டினால் தானியங்கித் திருத்தம் ஓர் எழுத்தை மாற்றியிருக்கலாம். எழுதியதைக் காட்டும்போது அப்பா ஒரு முறை, அம்மா ஒரு முறை, கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படித்துச் சரிபாருங்கள். முன்னோக்கிப் படித்தால் கண் தனக்குத் தெரிந்த பெயரைப் படித்துவிட்டு விடுபட்ட எழுத்தைத் தாண்டிப் போய்விடும். கையெழுத்துப் போட்ட பிறகு பெயரை மாற்ற நினைத்தால் அட்டர்னி ஜெனரலுக்கு விண்ணப்பம், கெஜட்டில் அறிவிப்பு, நாளிதழில் அறிவிப்பு என்று நீளும். ஈ இருக்க வேண்டிய இடத்தில் ஏ விழுந்ததற்காக அந்த அலைச்சல் வேண்டாம்; கவுன்டரில் இன்னும் இரண்டு நிமிடம் நின்று படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.